தங்கையின் கூற்று

அகப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர் வகுப்பில் முதலில் எழுப்பும் வினா, "இப்பாடல் யாருடைய கூற்று?" என்பதாகும். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா, நற்றாய் கூற்றா என்பது தெளிவாகாமல் பாடலின் பொருள் தெளிவாகாது. ஒரே செய்தியைத் தலைவி சொன்னால் ஒரு பொருள். அவளுக்காகத் தோழி சொன்னால் வேறொரு பொருள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவை மாணவர்முன் வைத்துவரும் நான், அதே வினாவை என் சொந்த வீட்டில் எழுப்பத் தவறிவிட்டேன். அத்தவற்றைப் பற்றியும், அதனை எனக்கு உணர்த்திய ஓர் அட்டையைப் பற்றியும் இம்மலரில் எழுத விழைகிறேன்.

எங்கள் ஊர் பாபநாசம் வட்டத்தில் குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். அத்தாவுக்கு ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவான நஞ்சை இருந்தது. குறுவையும் சம்பாவும் எங்கள் வீட்டின் வரவுசெலவை மட்டுமல்லாமல் மனநிலையையும் தீர்மானித்த காலம் அது. எனக்கு நான்கு வயதானபோது தங்கை பிறந்தாள். பிறந்தவுடன் அவள் அழவில்லை என்று அம்மா சொல்வார்கள். ஓராண்டாகியும் கழுத்து நிற்கவில்லை. மூளை முடக்குவாதம் என்று மருத்துவர் கூறினார்.

வளரும் மூளையில் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திற்குள்ளோ ஏற்படும் பாதிப்பினால் உடலின் அசைவு கட்டுக்குள் அடங்காமல் போவதே இந்நிலை. கையை நீட்ட எண்ணினால் கை வேறு திசையில் செல்லும். பேச்சும் ஓர் அசைவே. மூச்சு, தொண்டை, நா, உதடு ஆகிய நான்கும் ஒரு நொடிக்குள் ஒத்திசைந்தால்தான் ஒரு சொல் பிறக்கும். அந்த ஒத்திசைவு அவளுக்கு வாய்க்கவில்லை. அவளிடமிருந்து வந்தது நீண்ட ஓர் ஒலி மட்டுமே.

பேச்சு இல்லாமை வேறு, மொழி இல்லாமை வேறு என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. மொழியியல் படித்துத் தேர்வெழுதிய நானும் அறிந்திருக்கவில்லை.

குறிப்பறிதல்

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஒன்று பொருட்பாலில், 71ஆம் அதிகாரம். மற்றொன்று காமத்துப்பாலில், 110ஆம் அதிகாரம். ஒரே தலைப்பை வள்ளுவர் இரண்டு இடங்களில் வைத்தது, சொல்லாமலே உணரும் ஆற்றல் அரசவைக்கும் வேண்டும், அன்புக்கும் வேண்டும் என்பதனாலேயே. அந்த ஆற்றல் எங்கள் அம்மாவுக்கு நிறைய இருந்தது. தங்கையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "பிள்ளைக்குப் பசிக்குது" என்பார்கள்; "அவளுக்குக் கூட்டம் ஆகாது" என்பார்கள்; "வெளிச்சம் கண்ணுல படுது, சன்னலைச் சாத்து" என்பார்கள். நாங்கள் அப்படியே செய்வோம். பெரும்பாலும் அழுகை நின்றுவிடும். நிற்காத வேளைகளில் வயிற்றுவலி என்று முடிவு செய்து ஓமத்தண்ணீர் கொடுப்போம்.

அம்மாவின் அன்பில் குறை காண நான் யார்? அந்தக் குறிப்பறிதல்தான் அவளை உயிரோடு வைத்திருந்தது. ஆயினும், முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒலித்தவை அனைத்தும் நற்றாய் கூற்றும் செவிலி கூற்றும் தமையன் கூற்றுமே. தலைவியின் கூற்று ஒன்றுகூட இல்லை. 'மௌனம் சம்மதம்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அதன் துணைகொண்டு, அவள் மறுத்துப் பேசாத ஒவ்வொன்றுக்கும் அவள் இசைந்ததாகவே கொண்டோம். திருமணங்களுக்கு அவளை அழைத்துச் செல்லவில்லை. பள்ளிக்கு அனுப்புவது பற்றி எவரும் எண்ணிப் பார்க்கவுமில்லை.

மாலை வேளைகளில் நான் பாடங்களை உரத்துப் படிப்பேன். எழுத்து, அசை, சீர் என்று திண்ணையில் நான் ஒப்பிக்கும்போது அவள் அருகில் பாயில் படுத்திருப்பாள். பின்னர் கல்லூரியில் சேர்ந்து, இளமுனைவர் பட்டம் வரையில் படித்த காலத்திலும் அந்த வழக்கம் மாறவில்லை. அவளுக்கு அது வெறும் ஓசை என்றே எண்ணியிருந்தேன்.

2013ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் அம்மா தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் இறந்தார்கள். அத்தா அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டின் மூத்தவன் என்ற முறையில் எல்லா முடிவுகளையும் நானே எடுத்தேன். அவற்றுள் ஒன்று, மய்யித்து வீட்டுக்கு வருமுன் தங்கையை மூன்று தெரு தள்ளியிருந்த சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுவது. அழுகையும் கூட்டமும் அவளைக் கலங்கடிக்கும் என்று நினைத்தேன். வந்திருந்த பெரியவர்களும் அதுவே நல்லது என்றார்கள். குளிப்பாட்டிக் கஃபனிட்ட பின், "முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கலாம்" என்று குரல் கொடுத்தார்கள். பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அடக்கம் முடிந்து, அடுத்த நாள் அவளை அழைத்து வந்தோம்.

அதன்பின் பல வாரங்கள் அவள் அழுதாள். நாங்கள் ஓமத்தண்ணீர் கொடுத்தோம். உணவை மாற்றிப் பார்த்தோம். மருத்துவரிடம் காட்டி வயிற்றுக்கு மருந்து வாங்கினோம்.

ஒரு வினா

2018இல் பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு வீட்டிலேயே பயிற்சி அளிப்பதற்காகச் சிறப்பாசிரியை ஒருவர் வாரந்தோறும் வருவார். ஒருநாள் தண்ணீர் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், திண்ணையில் இருந்த தங்கையைப் பார்த்தார். வழக்கமாக வருபவர்கள் கேட்கும் "என்ன வியாதி?", "எத்தனை வருசமா?" என்ற வினாக்களை அவர் கேட்கவில்லை. "இவங்க ஆமாம்னு எப்படிச் சொல்வாங்க? இல்லைன்னு எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. சிரித்தால் ஆமாம் என்றாள் என் மனைவி. அவளுக்கு அதெல்லாம் தெரியாது என்றேன் நான். அப்போது பத்து வயதாகியிருந்த என் மகள் குறுக்கிட்டாள். "மாமி மேலே பார்த்தா ஆமாம். கண்ணை இறுக்கி மூடினா இல்லை." யார் சொன்னது என்று கேட்டேன். "மாமிதான்" என்றாள். சிறுமி அவளோடு விளையாடிய விளையாட்டுகளில் அந்த ஒப்பந்தம் எப்போதோ உருவாகியிருக்கிறது. முப்பத்தேழு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த எனக்கு அது தெரியாமலே இருந்திருக்கிறது.

ஆசிரியை தங்கையின் முன் அமர்ந்தார். "உங்களுக்குத் தண்ணீர் வேண்டுமா?" கண்கள் மூடின. "இவர் உங்கள் அண்ணனா?" கண்கள் மேலே எழுந்தன. "நான் உங்கள் அக்காவா?" கண்கள் மூடின, கூடவே ஒரு சிரிப்பு. ஐந்து நிமிடங்களில் எங்கள் வீட்டின் வரலாறு மாறிவிட்டது.

அட்டையின் வரலாறு

அந்த ஆசிரியையின் வழிகாட்டலில் பழைய நாட்காட்டி அட்டையின் பின்புறத்தில் கட்டங்கள் வரைந்து, படங்களை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி எங்கள் முதல் அட்டையைச் செய்தோம். பேச இயலாதவர்களுக்குப் பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ பிற வழிகளை அமைத்துத் தருவதைத் துணைவழி, மாற்றுவழித் தொடர்பு என்பர். சுருக்கமாக ஏஏசி என்று இத்துறையினர் வழங்குகின்றனர். சைகை, பார்வை, படம், எழுத்துப் பலகை, குரல் எழுப்பும் கருவி யாவும் அதில் அடங்கும்.

இதற்கொரு வரலாறு உண்டு. சார்லஸ் பிளிஸ் என்பவர் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் 1897இல் பிறந்த யூதர். நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்டு, விடுதலையாகி, ஷாங்காய் சென்று சேர்ந்தார். சீன எழுத்து, ஒலியைச் சாராமல் பொருளைக் காட்டுவதை அங்கே கண்டு வியந்தார். எல்லா நாட்டு மக்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள ஒரு குறியீட்டு மொழி அமைந்தால் போர்கள் ஒழியும் என நம்பி, ஆஸ்திரேலியாவில் குடியேறியபின் 1949இல் தம் நூலை வெளியிட்டார். உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1971இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஷெர்லி மக்நாட்டன் என்னும் ஆசிரியை, மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கு அந்தக் குறியீடுகளைப் பலகையில் வைத்துக் கற்பித்தார். அக்குழந்தைகள் அவற்றைச் சுட்டித் தம் கருத்தைச் சொல்லத் தொடங்கினர். நாடுகளுக்காக ஆக்கிய மொழி, நாடுகள் கைவிட்டபின், பேச்சற்ற குழந்தைகளுக்குப் பயன்பட்டது.

நம் மாநிலத்திலும் இப்பணி புதிதன்று. பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கி, பின்னாளில் வித்யா சாகர் எனப் பெயர் பெற்ற நிறுவனம் இம்முறைகளைப் பல்லாண்டுகளாகக் கையாண்டு வருகிறது. அங்குள்ள குழந்தைகளைக் கண்டு, சென்னை ஐஐடியில் பயின்ற பொறியாளர் அஜித் நாராயணன் உருவாக்கியதே 'ஆவாஸ்' என்னும் பேசும் கருவி. அதற்கு 2010இல் தேசிய விருது கிடைத்தது. தனிக்கருவியாகத் தோன்றிய அது பின்னர்க் கைக்கணினியிலும் கைப்பேசியிலும் இயங்கும் செயலியாயிற்று, தமிழிலும் வந்தது. படத்தைத் தொட்டால் அது சொல்லாக ஒலிக்கும். ஆவாஸ் என்றால் குரல் என்று பொருள். உருது தெரிந்த நம்மவர் வீடுகளில் பழகிய சொல்தான். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும் இத்தகையோருக்குப் பயிற்சி அளிக்கிறது. ஆனால் குடமுருட்டிக் கரையிலிருந்து சென்னை வெகுதூரம். எங்களுக்குக் கிடைத்தது நாட்காட்டி அட்டை. மின்சாரம் போனாலும் அது பேசும்.

முதல் அட்டையில் நான் வைத்த சொற்கள்: சோறு, தண்ணீர், கழிப்பறை, தூக்கம், மருந்து, வலி. ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க ஒருநாள் முழுக்க இந்த ஆறு வார்த்தையை மட்டும் பேசிப் பாருங்களேன்" என்றார். காலை ஒன்பது மணிக்குள் தோற்றுப்போனேன். பிறகுதான் ஏன், எங்கே, யார், எனக்கு, வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், இல்லை, பிடிக்கவில்லை, கோபம், பொய் ஆகியவை அட்டையில் ஏறின. ஓரத்தில் 'நான் சொல்ல நினைப்பது இதில் இல்லை' என்று ஒரு கட்டம். அக்கட்டம் மிக முக்கியம் என்றார் ஆசிரியை. அதன் அருமை எனக்குச் சில வாரங்களில் விளங்கியது.

அட்டையைச் செய்து கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது என்பதும் அவர் சொல்லித் தெரிந்தது. சுற்றியிருப்போர் வாயால் பேசும்போதே அட்டையிலும் சுட்டிக்காட்டிப் பேச வேண்டும். பேச்சைக் கேட்டுப் பேசக் கற்கும் குழந்தையைப் போல, அட்டையில் பேசுவதைப் பார்த்தே அட்டையில் பேசக் கற்க முடியும். அடுத்து, காத்திருக்க வேண்டும். இதுவே எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, கடைமடைக்கு எட்டப் பல நாள் ஆகும் என்பதை அறிந்து பொறுத்திருக்கும் வேளாண் குடியில் பிறந்தவன் நான். ஒரு சொல்லுக்காக அரை நிமிடம் காத்திருக்க என்னால் இயலவில்லை. அவள் பார்வை நகருமுன் அடுத்த வினாவைக் கேட்டுவிடுவேன்.

அட்டையைக் கொடுத்தால் வருகிற பேச்சும் வராமல் போய்விடும் என்று உறவினர் சிலர் அஞ்சினர். பேசத் தடுமாறும் குழந்தைகளின் பெற்றோர் பலருக்கும் இவ்வச்சம் உண்டு. இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2006இல் வெளிவந்தது. நம்பகமான முறையில் கவனிக்கப்பட்ட 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிது கூடியே இருந்தது.

ஐந்து வரிசைகள்

ஒரு மாலையில் என் மகள் தமிழ்ப்பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் அவள் ஓர் எழுத்தை மாற்றிப் படிக்க, பின்னால் அமர்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை ஒலியெழுப்பிக் கண்களை இறுக்கி மூடினாள். எனக்கு உடல் சிலிர்த்தது. இவளுக்கு எழுத்துத் தெரியுமா?

எழுத்தட்டை செய்ய முற்பட்டேன். இயற்பியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் தொண்டையில் அறுவை செய்யப்பட்டுப் பேச்சை இழந்தபோது, கணினி கிடைப்பதற்கு முன், ஒருவர் எழுத்தட்டையைக் காட்ட, வேண்டிய எழுத்து வரும்போது புருவத்தை உயர்த்தியே பேசினார். பிரான்சில் ழான்-தொமினிக் போபி என்னும் இதழாசிரியர் 1995இல் பக்கவாதத்தால் உடல் முழுதும் முடங்கி, இடக் கண்ணிமை ஒன்றை மட்டும் அசைத்து ஒரு நூலையே சொல்லி எழுதுவித்தார். அவருக்காகப் பிரெஞ்சு எழுத்துகளை மிகுதியாகப் பயன்படும் வரிசையில் மாற்றி அடுக்கினர். அவர்களுக்கு எழுத்து இருபத்தாறு. நமக்கு 247 ஆயிற்றே, எப்படி?

விடை என் கையிலேயே இருந்தது. தொல்காப்பியர் முதலெழுத்துகளாகக் கொண்டவை முப்பதே. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. உயிர்மெய் அனைத்தும் அவற்றின் கூட்டம். தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் இந்த அடிப்படையில் அமைந்ததே. இந்த முப்பதையும் நம் இலக்கணம் முன்பே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது: குறில் ஐந்து, நெடில் ஏழு, வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. ஐந்து வரிசைகள். "குறிலா? நெடிலா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தால், வேண்டிய வரிசையில் அவள் மேலே பார்ப்பாள். பிறகு அவ்வரிசையில் ஒவ்வோர் எழுத்தாகக் காட்ட வேண்டும். திண்ணையில் நான் ஒப்பித்த இலக்கணத்தை அவள் கேட்டிருந்தாள். வல்லினம் எது, மெல்லினம் எது என்று நான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முதலில் அவள் பெயரை எழுதச் சொன்னேன். ஐந்து வரிசைகளையும் காட்டினேன். ஐந்துக்கும் கண்களை மூடினாள். மீண்டும் காட்டினேன், மீண்டும் மூடினாள். எழுத்துத் தெரியவில்லை போலும் என்று சோர்ந்தேன். அவள் பார்வை சொல்லட்டையின் ஓரத்துக்குச் சென்று நின்றது: 'இதில் இல்லை'. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்மவர் பெயர்கள் பலவற்றைப் போல அவள் பெயரின் முதலெழுத்தும் கிரந்த எழுத்து. தமிழாசிரியனாகிய நான் என் மொழிப்பற்றின் மிகுதியால் அவ்வெழுத்துகளை அட்டையில் சேர்க்கவில்லை. ஒரு நாள்கூடப் பள்ளி செல்லாதவள், துறையில் பணியாற்றும் என் பிழையைத் திருத்தினாள். ஆறாவது வரிசை வந்தது. வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிப்பே உரக்கக் கேட்டது.

ஒன்பது எழுத்து

அந்த ஆண்டு மழைக்காலத்தில், ஒரு பிற்பகல். நடவு முடிந்த வயல்களில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கல்லூரி விடுமுறை. ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். மேலே பார்த்தாள். எழுத்தட்டையை எடுத்தேன்.

அ. பிறகு ம். மீண்டும் ம். அடுத்து ஆ. அம்மா என்று வாய்விட்டுச் சொன்னேன். சாப்பாடு நினைவு வந்துவிட்டது போலும் என்று எண்ணி, அம்மா வைக்கும் குழம்பைப் பற்றி ஏதோ பேசத் தொடங்கினேன். கண்களை இறுக்கி மூடினாள். காத்திருந்தேன். ம். உ. க். அ. ம்.

அம்மா முகம்.

ஒன்பது எழுத்து. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஐந்து ஆண்டுகளாக அவள் வைத்திருந்த சொல் அது. "கடைசியா முகம் பார்க்கலைன்னு சொல்றியா?" என்று கேட்டேன். கண்கள் மேலே சென்றன, இறங்கவில்லை. பிறகு சொல்லட்டையில் 'ஏன்' என்ற கட்டத்தை நோக்கின.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை என்னும் ஒரு மெய்ப்பாட்டுக்கே நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார்: பிறர் இகழ்தல், உரியதை இழத்தல், நிலை தளர்தல், வறுமை. இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுபவன் நான். என் வீட்டில் கண்முன் நிகழ்ந்த அழுகைக்கு வயிற்றுவலி என்ற ஐந்தாவது காரணம் ஒன்றைக் கற்பித்து மருந்து கொடுத்திருக்கிறேன். மெய்ப்பாடு அழுகையைக் காட்டும். எதை இழந்து அழுகிறாள் என்பதை அவள் சொன்னால்தான் தெரியும்.

"உனக்குத் தாங்காதுன்னு நினைச்சேன். கேட்காம முடிவு பண்ணிட்டேன். என் தப்புதான்" என்றேன். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் படம் எடுத்துக்கொள்வதில் விருப்பம் கிடையாது. வீட்டில் இருந்தது வாக்காளர் அடையாள அட்டையில் உள்ள படம் மட்டுமே. அதைத் தேடி எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். பிறகு சொல்லட்டையில் மூன்று கட்டங்களை நோக்கினாள்: 'இது', 'அம்மா', 'இல்லை'. உண்மைதான். அந்தக் கறுத்த படத்தில் எங்கள் அம்மாவின் சாயல் சிறிதும் இல்லை. அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு எழுத்தட்டையைக் கேட்டாள். த், உ, ப், ப் என்று வந்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. ஆயினும் நானாக முடித்துவிடக் கூடாது என்று தீர்மானித்து, கடைசி எழுத்துவரை காத்திருந்தேன். துப்பட்டி.

பரண்மேல் இருந்த பெட்டியிலிருந்து அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து வந்து அவள் மடியில் போட்டேன். கன்னத்தை அதில் சாய்த்துக்கொண்டு மழை ஓயும்வரை இருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது துப்பட்டி என்பதை எங்களில் எவரும் ஊகித்திருக்க முடியாது. அம்மா உயிரோடு இருந்து குறிப்பறிந்திருந்தாலும் முடியாது.

யாருடைய கூற்று?

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். 1990களில் மேலைநாடுகளில் ஒரு முறை பரவியது. பேச இயலாதவரின் கையை மற்றொருவர் பிடித்து எழுத்துகளைச் சுட்டச் செய்வதே அம்முறை. அழகான வாக்கியங்கள் வந்தன, பெற்றோர் மகிழ்ந்தனர். கட்டுப்பாடான சோதனைகள் செய்தபோது, வந்தவை கையைப் பிடித்தவரின் சொற்கள் என்பது தெரிந்தது. பிடித்தவர்களும் ஏமாற்றுக்காரர் அல்லர். தம்மையறியாமல் அவ்வாறு செய்திருந்தனர். கூற்று யாருடையது என்ற வினாவை அன்பு மறக்கச் செய்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதனால்தான் எங்கள் வீட்டில் சில விதிகள் வைத்திருக்கிறோம். அவள் கையை எவரும் பிடிப்பதில்லை. சொல்லை நாங்களாக முடிப்பதில்லை. முடிந்தபின், "இதுதானா?" என்று கேட்டு, அவள் மேலே பார்த்த பிறகே அதை அவள் சொல்லாக ஏற்கிறோம்.

இது என் தங்கையின் கதை மட்டுமன்று. பக்கவாதத்தால் வாய் குழறிப்போன பெரியவர், ஆட்டிசம் உடைய சிறுவன், மருத்துவமனையில் மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டுச் சில நாட்கள் பேச முடியாமல் கிடப்பவர் என இவர்கள் நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தொடர்பு என்பதற்கு அச்சட்டம் தரும் வரையறையில் சைகைமொழியும் பிரெயிலும் இடம்பெறுவதைப் போலவே துணைவழி, மாற்றுவழி முறைகளும் இடம்பெறுகின்றன. அட்டையைப் பார்த்துக் கண் உயர்த்துவதும் சட்டத்தின் பார்வையில் பேச்சே. வங்கியிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும், உடன் வந்தவரை விடுத்து அவரை நோக்கியே வினாவைக் கேட்கும் நாள் வர வேண்டும்.

நம் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஊர்களுக்குச் செல்லும்போது பத்து எழுத்தட்டைகளைக் கொண்டு செல்லுங்கள். குறில், நெடில், வல்லினம், மெல்லினம், இடையினம், ஆறாவதாகக் கிரந்தம். ஓரத்தில் 'இதில் இல்லை' என்ற கட்டத்தை மறக்க வேண்டாம். பேசாத ஒருவர் இருக்கும் வீட்டில் அமர்ந்து, அவர் எப்படி ஆமாம் சொல்வார், எப்படி இல்லை சொல்வார் என்று கேளுங்கள். பிறகு காத்திருங்கள். நாம் கற்ற இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதை அங்கே காண்பீர்கள்.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் தங்கைக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். மலரில் வெளியிடலாமா என்று கேட்டேன். மேலே பார்த்தாள். மாற்றம் ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். மீண்டும் மேலே பார்த்தாள். ஒரு பத்தியை நீக்கச் சொன்னாள்; நீக்கிவிட்டேன். பின்னர் எழுத்தட்டையில் 'பெயர்' என்று எழுதி, சொல்லட்டையில் 'வேண்டாம்' என்ற கட்டத்தைக் காட்டினாள். இதுதானா என்று கேட்டேன். இதுதான் என்றாள்.

எனவே இக்கட்டுரையில் அவள் பெயர் இல்லை. அது அவளுடைய கூற்று.